இருபத்தோரிலக்க எண்ணொன்றின் இரு காரணிகள்

சதுரங்கத்தை ஆக்கியவன் அரசனிடம் கேட்ட பரிசைப் பற்றிய கதையை அறியாதார் நம்மிடையே இலர். முதற் கட்டத்துக்கு ஒரு தானியமணி, அடுத்ததற்கு இரண்டு, அதற்கடுத்ததற்கு நான்கு என இரட்டித்துச் செல்ல, 64 கட்டங்களும் நிரம்பும்போது மணிகளின் தொகை 18,446,744,073,709,551,615 ஆகும். இதனைச் சுருக்கமாக 2⁶⁴ − 1 என எழுதலாம். பலகையில் மேலும் மூன்று கட்டங்கள் இருந்திருப்பின் அத்தொகை 147,573,952,589,676,412,927 ஆகியிருக்கும். 2⁶⁷ − 1 ஆகிய இவ்விருபத்தோரிலக்க எண்ணே ஈண்டு நாம் ஆராயப் புகுவது.

மூன்று கட்டங்கள் கூடியதனால் எண் எட்டு மடங்கு பெருத்தது என்பதன்றி வேறென்ன நிகழ்ந்துவிட்டது என்று வாசகர் வினவலாம். கதையில் வரும் எண்ணைக் காரணிகளாகப் பிரிப்பது எளிது. 64 என்பது இரட்டை. ஆகவே 2⁶⁴ − 1 என்பது (2³² − 1), (2³² + 1) ஆகியவற்றின் பெருக்கம். முன்னையதை மீண்டும் அவ்வாறே பிரிக்கலாம். இங்ஙனம் இறங்கிச் சென்றால் 3, 5, 17, 257, 65,537 என்னும் முதன்மை எண்கள் தாமே உதிர்கின்றன. எஞ்சி நிற்கும் 2³² + 1 மட்டுமே சற்றுத் தொல்லை தருவது. அதுவும் 641, 6,700,417 ஆகிய இரண்டின் பெருக்கம் என்பதை 1732 இல் ஒயிலர் காட்டினார். ஆனால் 67 ஒரு முதன்மை எண். அதனைப் பிரிக்க வழியில்லை. எனவே மேற்கூறிய உபாயம் இங்கே செல்லாது. கதவு மூடப்பட்டிருக்கிறது, உள்ளே ஏதேனும் உண்டா என்பதே முதற் கேள்வி.

இக்கேள்வி வெறும் விளையாட்டன்று. 6இன் காரணிகளுள் அதனைத் தவிர்ந்த 1, 2, 3 ஆகியவற்றைக் கூட்டினால் 6 வரும், 28க்கும் அவ்வாறே. இத்தகைய செவ்விய எண்களை ஆக்கும் விதியொன்றை யூக்கிளிட்டு தம் நூலின் ஒன்பதாம் பகுதியில் நிறுவியுள்ளார். 2இன் ஏதேனுமொரு வலுவிலிருந்து 1ஐக் கழிக்க வருவது முதன்மை எண்ணாயின், அதனை அதற்கு முந்திய வலுவாற் பெருக்கச் செவ்விய எண் கிடைக்கும். எனவே 2⁶⁷ − 1 முதன்மை எண்ணா அன்றா என்று கேட்பது, பண்டைக் கிரேக்கர் தொடக்கிவைத்த ஆய்வின் தொடர்ச்சியே. சுட்டி முதன்மை எண்ணாக இருத்தல் வேண்டும் என்பது தெளிவு. அது மட்டும் போதுமா? போதாது. 2¹¹ − 1 = 2,047 = 23 × 89 என்பதே அதற்குச் சான்று.

1644 இல் மரேன் மேர்சென் என்னும் பிரெஞ்சுத் துறவி ஒரு பட்டியலை வெளியிட்டார். பேர்மா, தேக்காட்டு முதலிய அக்கால அறிஞரிடையே கடிதப் போக்குவரத்தின் மையமாக விளங்கியவர் அவர். 257 வரையுள்ள சுட்டிகளுள் 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகிய பதினொன்றே முதன்மை எண்களைத் தருவன என்பது அவர் கூற்று. நிறுவல் எதுவும் தரப்படவில்லை. பதினைந்து, இருபது இலக்கங்களையுடைய எண்ணொன்று முதன்மையா என்று சோதிக்கக் காலமெல்லாம் போதாது என்ற கருத்தைத் தெரிவித்தவரும் அவரே. அங்ஙனமாயின் 67ஐயும் 257ஐயும் எவ்வாறு அவர் சேர்த்துக்கொண்டார்? 67 என்பது 61இன் அச்சுப்பிழை எனச் சிலர் சமாதானம் கூறுவர். இது பெருந்தன்மையான விளக்கம். ஆயின் 89, 107 ஆகியவை விடுபட்டமைக்கும் 257 தவறாகப் புகுந்தமைக்கும் அது விடையாகாது. நம் கருத்தில், நிறுவலில்லாத ஒரு கூற்று சொன்னவரின் பெயரால் மட்டும் 232 ஆண்டுகள் நிலைத்தது என்பதை ஒப்புக்கொள்வதே நேர்மையானது. அப்பட்டியலில் ஐந்து பிழைகள் இருந்தன என்பது முற்றாக உறுதிப்பட 1947 வரை செல்ல நேர்ந்தது.

இத்திருத்தங்களைச் செய்தோர் யாவரும் பல்கலைக்கழகத்தார் அல்லர். 2⁶¹ − 1 முதன்மை எண் என்பதை 1883 இல் நிறுவிய இவான் பெர்வூசின் ரூசிய நாட்டுக் கிராமமொன்றின் மதகுரு. 89ஐ 1911 இலும் 107ஐ 1914 இலும் பட்டியலிற் சேர்த்த பவர்ஸ் என்னும் அமெரிக்கரும் கணிதத்தைத் தொழிலாகக் கொண்டவரல்லர்.

நமது எண்ணுக்கு மீள்வோம். காரணியொன்றைக் காணாமலே ஓரெண் முதன்மை எண் அன்று என எவ்வாறு கூறுவது? இதனை முதலிற் கேட்போர்க்கு இது முரண்போலத் தோன்றும். சிறிய உதாரணமொன்றை நோக்குவோம். ஓர் ஒற்றை முதன்மை எண்ணை எடுத்து, அதனிலும் ஒன்று குறைந்த சுட்டியை 2க்கு இட்டு வகுத்தால் மீதி எப்போதும் 1 ஆதல் வேண்டும் என்பது 1640 இல் பேர்மா கூறிய தேற்றம். 15ஐ இவ்வாறு சோதிப்போம். 2¹⁴ = 16,384; இது 15 × 1,092 + 4. மீதி 4, ஒன்று அன்று. ஆகவே 15 முதன்மை எண் அன்று. இம்முடிவுக்கு வர 3ஐயோ 5ஐயோ நாம் ஒருமுறையேனும் நினைக்கவில்லை என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. எண் சேர்த்தி எண் என்பது வேறு. அது எவற்றின் சேர்த்தி என்பது வேறு. இரண்டும் ஒரே அறிவின் இரு நிலைகள் என நாம் வழமையாகக் கருதிவிடுகிறோம்.

எனினும் இச்சோதனையை நேரே நமது எண்ணிற் செலுத்த இயலாது. 2இன் வலுவிலிருந்து 1ஐக் கழித்துப் பெறும் இவ்வகை எண்கள், சுட்டி முதன்மையாயின், தாம் முதன்மை எண்ணாயினும் அல்லவாயினும், அச்சோதனையில் மீதி 1ஐயே தந்து ஏமாற்றும். வேறொரு சோதனை வேண்டியிருந்தது. அதனை 1876 இல் வகுத்தவர் எதுவா லூக்கா. 1930களில் லேமர் சீர்செய்த வடிவில் அது வியக்கத்தக்க அளவு எளிது. 4இலிருந்து தொடங்குக, வர்க்கித்து 2ஐக் கழிக்க, சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்க, மீண்டும் அதனையே செய்க. சுட்டியிலும் இரண்டு குறைந்த தடவைகள் இவ்வாறு செய்தபின் மீதி பூச்சியமாயின் எண் முதன்மையானது, அன்றேல் அன்று. 2⁷ − 1 = 127க்கு ஐந்து தடவைகள்: 4, 14, 67, 42, 111, 0. எனவே 127 முதன்மை எண். 2,047க்கு ஒன்பது தடவைகள்: 4, 14, 194, 788, 701, 119, 1,877, 240, 282, 1,736. இறுதியிற் பூச்சியம் இல்லை. 23ஐயும் 89ஐயும் அறியாமலே 2,047இன் தன்மை வெளிப்பட்டுவிட்டது.

2⁶⁷ − 1க்கு 65 தடவைகள் வேண்டும். ஒவ்வொன்றும் இருபதிலக்க எண்களின் வர்க்கமாதலாற் கைக்கணக்கிற் கடினமே. ஆயினும் மனித ஆற்றலுக்கு உட்பட்டது. இருமை முறையில் எழுதிச் சதுரங்கப் பலகை போன்ற கட்டங்களிற் காய்களை வைத்தும் நகர்த்தியும் இவ்வகைக் கணக்கைச் செய்யலாம் என லூக்கா விளக்கியிருந்தார். கதையிலிருந்து தொடங்கிய நாம் மீண்டும் சதுரங்கப் பலகைக்கே வந்து சேர்வது தற்செயலாயினும் சுவையானது. 2¹²⁷ − 1 முதன்மையானது என்பதும் 2⁶⁷ − 1 முதன்மையானது அன்று என்பதும் 1876 இல் லூக்கா எய்திய முடிவுகள். மேர்செனின் கூற்று பொய்த்தது. ஆனால் அதனைப் பொய்ப்பித்தவரிடம், "அப்படியானால் இது எதனால் வகுபடும்?" என்று எவரேனும் கேட்டிருப்பின், அவர் கையை விரித்திருப்பார்.

அந்நிலை 27 ஆண்டுகள் நீடித்தது. காரணியைத் தேடுவதில் உள்ள இடர்ப்பாடு யாது? ஓரெண்ணின் மிகச் சிறிய காரணி அதன் வர்க்கமூலத்தை விஞ்சாது. நமது எண்ணின் வர்க்கமூலம் ஏறத்தாழ 1,215 கோடி. அதுவரையுள்ள முதன்மை எண்கள் அனைத்தாலும் வகுத்துப் பார்ப்பது ஆகும் செயலன்று. ஆனால் எல்லா எண்களும் காரணியாதற்கு உரியன அல்ல. 2இன் வலுக்களை வரிசையாக எடுத்து ஒரு முதன்மைக் காரணியால் வகுத்துக்கொண்டு போனால், மீதி 1 மீண்டும் மீண்டும் ஒரே கால இடைவெளியில் வரும். 67 ஆவது வலுவில் மீதி 1 வருகிறது; 67 முதன்மை எண்ணாதலின் அவ்விடைவெளி 67 ஆகவே இருத்தல் வேண்டும். பேர்மாவின் தேற்றப்படி, காரணியிலும் ஒன்று குறைந்த வலுவிலும் மீதி 1 வரும். எனவே காரணியிலிருந்து 1ஐக் கழித்தால் வருவது 67ஆலும், அது இரட்டையாதலின் 134ஆலும் வகுபடும். அதாவது 134இன் மடங்குகளோடு 1 கூட்டிய எண்களை மட்டுமே நாம் நோக்கினாற் போதும்.

இன்னுமொரு நிபந்தனை உண்டு. 2⁶⁷ என்பது நமது எண்ணிலும் ஒன்று கூடியது. ஆகவே 2⁶⁸ஐ நமது எண்ணால் வகுத்தால் மீதி 2. ஆனால் 2⁶⁸ என்பது 2³⁴இன் வர்க்கம். ஒரு வர்க்கம் 2ஐ மீதியாக விடுமாறு வகுக்கவல்ல ஒற்றை முதன்மை எண்கள், 8ஆல் வகுக்க 1ஐயோ 7ஐயோ மீதியாக விடுவன மட்டுமே. எனவே முன்னர் எஞ்சியவற்றுட் பாதி கழிந்துபோகின்றது.

இவ்விரு சல்லடைகளிலும் சலித்தபின்னரும், உண்மையான காரணியை எட்டுமுன் ஏழு இலட்சத்துக்கு மேற்பட்ட எண்களைச் சோதிக்க வேண்டியிருக்கும். வகுத்தலொன்றுக்கு ஐந்து நிமிடமென வைத்து, ஞாயிறுதோறும் பத்து மணிநேரம் உழைப்பவர் நூறாண்டுகளிலும் இதனை முடியார். 3, 5, 7 ஆகியவற்றால் வகுபடுவனவற்றை நீக்கினாலும் ஐம்பதாண்டு செல்லும். முதன்மை எண்களை மட்டும் பொறுக்கி எடுக்கலாமே எனின், 1903 வரை அச்சில் வந்த காரணி அட்டவணைகள் 90 இலட்சத்தைத் தாண்டவில்லை. தேடப்பட்ட காரணியோ அதற்கு அப்பால், வெகு தொலைவில் இருந்தது.

அதனைக் கண்டவர் பிராங்க் நெல்சன் கோல். அவர் கொலம்பியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர். அமெரிக்கக் கணிதக் கழகத்தின் செயலாளராக 1896 முதல் 1920 வரை பணிபுரிந்தவர். மேலே 2க்குக் கூறிய வாதத்தை அவர் விரித்துக்கொண்டார். வர்க்கமொன்றை நமது எண்ணால் வகுக்க மீதியாகவரும் வேறு சிறிய எண்களைத் திரட்டினால், ஒவ்வொன்றும் ஒரு புதிய சல்லடையாகி, எஞ்சியவற்றுள் ஏறத்தாழப் பாதியைக் கழிக்கும். பத்துச் சல்லடைகள் ஆயிரத்தில் ஒன்றையே விட்டுவைக்கும். இத்தகைய வர்க்க மீதிகளைத் தேடிச் சேர்ப்பதிலேயே அவருடைய உழைப்பின் பெரும்பகுதி சென்றிருத்தல் வேண்டும்.

1903 ஒக்டோபர் 31 இல் நியூயோர்க்கில் நடைபெற்ற கழகக் கூட்டத்தில் அவர் தம் முடிவை அளித்தார். அதனைப் பற்றி வழங்கும் கதை பலரும் அறிந்ததே. கோல் ஒரு சொல்லும் பேசாது கரும்பலகையை அணுகி, வெண்கட்டியால் 2⁶⁷ஐக் கணித்து 1ஐக் கழித்தார். பின் பலகையின் வேறோரிடத்தில் இரண்டு எண்களை எழுதிப் பெருக்கினார். இரு விடைகளும் ஒத்தன. அவை கரகோசம் எழுப்பியது. கோல் பேசாமலே சென்று அமர்ந்தார் என்பது அக்கதை. இதற்கு எவ்வளவு காலம் சென்றது எனப் பின்னர் வினவியபோது மூன்றாண்டு ஞாயிற்றுக்கிழமைகள் என விடையளித்தாராம். இக்கதை பரவியது 1951 இல் வெளிவந்த எரிக் டெம்பிள் பெல்லின் நூல் வழியாகும். வரலாற்றைச் சுவைபடக் கூறுவதற்காக மெருகேற்றும் பழக்கம் பெல்லுக்கு உண்டென்பது கணித வரலாற்றாளர் பலரின் முறைப்பாடு. எனவே மௌனத்தையும் கரகோசத்தையும் நாம் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. மாறாகக் கோல் தம் முறையை விளக்கி எழுதிய கட்டுரை கழகத்தின் வெளியீட்டில் அச்சேறியுள்ளது. பலகையில் எழுதப்பட்டதாகக் கூறப்படும் பெருக்கமும் எவர் பெருக்கினும் மாறாதது:

193,707,721 × 761,838,257,287 = 147,573,952,589,676,412,927

இங்கே வாசகர் பெல்லையும் நம்ப வேண்டியதில்லை. நம்மையும் நம்ப வேண்டியதில்லை. இருபத்தோரிலக்கப் பெருக்கத்தைச் செய்ய மனமில்லாதோர் பின்வரும் குறுக்குவழியிற் செல்லலாம். 2³² = 4,294,967,296. இதனை 193,707,721ஆல் வகுக்க ஈவு 22, மீதி 33,397,434. இம்மீதியை வர்க்கிக்க 1,115,388,597,784,356 வரும். அதனை மீண்டும் 193,707,721ஆல் வகுக்க ஈவு 5,758,100, மீதி 169,494,256. இது 2⁶⁴ஐ வகுக்க வரும் மீதி. 2⁶⁷ வேண்டுமாயின் 8ஆற் பெருக்குக: 1,355,954,048. இது 193,707,721இன் ஏழு மடங்கிலும் சரியாக ஒன்று கூடியது. ஆகவே 2⁶⁷ − 1 மீதியின்றி வகுபடும். முடிந்தது. காகிதத்தில் அரைப் பக்கம். பாடசாலை வகுத்தலுக்கு மேல் எதுவுமில்லை. காரணிகளிலிருந்து 1ஐக் கழித்தால் வருவன முறையே 134இன் 1,445,580 மடங்கும் 5,685,360,129 மடங்கும் என்பதையும், அவற்றை 8ஆல் வகுக்க வரும் மீதிகள் முறையே 1, 7 என்பதையும் வாசகர் தாமே சரிபார்த்துக்கொள்ளலாம்.

தேடுதற்கு மூன்றாண்டு ஞாயிறுகள். சரிபார்த்தற்கு ஒரு மாலைப்பொழுது. இவ்விரண்டுக்குமிடையே உள்ள இவ்வேற்றுமையை 1903 இல் எவரும் பொருட்படுத்தவில்லை. அது உழைப்பின் அளவைக் காட்டும் செய்தியாகவே இருந்தது. 1977 இல் ரிவெஸ்ற், சமீர், அடில்மன் ஆகிய மூவர் அதனையே ஒரு பூட்டாக ஆக்கினர். இரு பெரிய முதன்மை எண்களைப் பெருக்கி விடையைப் பகிரங்கப்படுத்தலாம். அதனைக் கொண்டு எவரும் செய்தியை மறைத்து அனுப்பலாம். ஆனால் திறக்க வல்லவர் காரணிகளை அறிந்தவர் மட்டுமே. அவ்வாண்டில் அவர்கள் அறைகூவலாக வெளியிட்ட 129 இலக்க எண், ஏறத்தாழ 600 தொண்டர்கள் தம் கணனிகளை இணைத்து உழைத்ததனால் 1994 இற் பிரிக்கப்பட்டது. 2020 பெப்ரவரியில் 250 இலக்க எண்ணொன்று பிரிக்கப்பட்டது. கோலின் எண்ணை இன்றைய சாதாரண கணனி கண்ணிமைக்கும் நேரத்துக்குட் பிரித்துவிடும். ஆயினும் வங்கிக் கணக்குகளும் அரசாங்க இரகசியங்களும் இத்தகைய பூட்டுகளால் நெடுங்காலம் காக்கப்பட்டு வந்தமையால், எண்ணைப் பிரிப்பது ஓய்வுநாட் பொழுதுபோக்கு என்ற நிலை போய்விட்டது. யாருடைய கடிதத்தை யார் படிக்கலாம் என்ற அதிகாரப் பிரச்சினை அதனுட் புகுந்துவிட்டது. தூய கணிதம் சமுதாயத்துக்கு வெளியே நிற்பது எனக் கருதுவோர் இதனைச் சற்று நின்று நோக்குதல் நன்று.

லூக்காவின் வினாவுக்கும் கோலின் வினாவுக்கும் இடையிலுள்ள இடைவெளி இதனிடையே மேலும் விரிந்துள்ளது. எந்த எண்ணையும் எடுத்து அது முதன்மையானதா என்பதை, இலக்கங்களின் தொகையோடு மிதமாகவே வளரும் உழைப்பில், ஐயத்துக்கிடமின்றித் தீர்மானிக்கும் முறையை 2002 இற் கான்பூரிலுள்ள இந்தியத் தொழினுட்பக் கழகத்தைச் சேர்ந்த மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகியோர் கண்டனர். காரணிகளைத் தேடுவதற்கோ சாதாரண கணனிகளுக்கு அத்தகைய முறை எதுவும் கிட்டவில்லை. அத்தகைய முறை இருக்கவே முடியாது என எவரும் நிறுவியதுமில்லை. உலகம் தன் பூட்டுகளை ஒரு நிறுவலின்மீதன்றி, இதுவரை எவராலும் இயலவில்லை என்ற அனுபவத்தின்மீதே மாட்டியிருக்கிறது. மேர்செனின் பட்டியல் எதன்மீது நின்றது என்பதை இவ்விடத்தில் நினைவுகூராதிருக்க முடியவில்லை.

1876 இல் 2⁶⁷ − 1 இருந்த அதே நிலையில் இன்னோரெண் உள்ளது. 1952 இல் ரபேல் ரொபின்சன் என்பவர் லூக்காவின் சோதனையை அமெரிக்காவின் தொடக்ககாலக் கணனியொன்றில் ஓட்டி, 2இன் வலுக்கள் பலவற்றை ஆராய்ந்தார். சுட்டி 1,279 ஆகும்போது முதன்மை எண் கிடைத்தது. அதற்கு முந்திய முதன்மைச் சுட்டியாகிய 1,277க்குக் கிடைக்கவில்லை. 2இன் 1,277 ஆம் வலுவிலிருந்து 1ஐக் கழித்துப் பெறும் அந்த 385 இலக்க எண் சேர்த்தி எண் என்பது உறுதி. கணனிகள் எத்தனையோ அதன்மீது உழைத்துள்ளன. 2024 ஆம் ஆண்டின் முடிவு வரை அதன் காரணியொன்றேனும் அறியப்படவில்லை. ஆயினும் அது எதுவாயினும், அதிலிருந்து 1ஐக் கழித்தால் வருவது 2,554ஆல் வகுபடும். 8ஆல் அதனை வகுத்தால் மீதி 1 அல்லது 7 ஆகும்.